ரெலிபதி: ஒரு சொல்லின் பிறப்பும் பொருளும்

பிறமொழியிலிருந்து வந்து நம்மவர் நாவிற் குடிகொண்டுவிட்ட சொற்களுள் 'ரெலிபதி' என்பதும் ஒன்று. ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் அவரே படலையைத் திறந்துகொண்டு வருவாராயின், "உமக்கு ஆயுசு நூறு" என்று முன்னையோர் சொல்வர். இன்றைய மாணவரோ, "இது ரெலிபதி" என்பர். சோறுண்ணும்போது புரையேறினால், யாரோ நினைக்கின்றார் என்று தலையில் தட்டும் வழக்கம் இன்றும் நம் வீடுகளில் உண்டு; அதற்கும் இப்பெயரையே இட்டுவிடுவாரும் உளர். முன்னையோர் கூற்றில் வியப்பு மட்டுமே இருந்தது. மாணவர் கூற்றிலோ, நிகழ்ந்தது இன்னதென்று விளங்கிவிட்டது என்னும் நிறைவு காணப்படுகின்றது. கிரேக்க ஒலியுடைய ஒரு சொல்லைச் சொன்ன மாத்திரத்தில் விளக்கமும் கூடவே வந்துவிட்டது போன்ற மயக்கம் எங்ஙனம் உண்டாயிற்று? இச்சொல்லைப் படைத்தவர்தாம் அதில் என்ன பொருளை வைத்தார்? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லாராய்ச்சி செய்வார்க்கு எளிதிற் கிட்டாத பேறு ஒன்று இச்சொல்லின் விடயத்திற் கிட்டுகின்றது. இது பிறந்த ஆண்டும் நாடும் படைத்தவர் பெயரும் ஐயமின்றித் தெரிந்தவை. ஆண்டு 1882, நாடு இங்கிலாந்து, படைத்தவர் பிரெடெரிக் மயர்ஸ் என்பார். 1843ஆம் ஆண்டு பிறந்த இவர், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் திரித்துவக் கல்லூரியிற் கிரேக்கமும் இலத்தீனும் கற்றுத் தேறியவர்; கவிஞர்; இலத்தீன் மகாகவி வேர்ஜிலைப் பற்றிக் கட்டுரை வரைந்து புகழ்பெற்றவர். அவருடைய உத்தியோகமோ பாடசாலைகளைப் பார்வையிடும் வித்தியாதரிசி வேலை. பகலிற் பள்ளிக்கூடங்களைச் சோதித்தும், இரவில் மனத்தின் இயல்பை ஆராய்ந்தும் வாழ்ந்தவர் என்று அவரைச் சொல்லலாம். சொல்லாக்கத்தில் அவருக்குப் பெருவிருப்பு இருந்தது. 'இயற்கைக்கு அப்பாற்பட்டது' என்று கூற மனம் ஒப்பாமல், 'வழக்கத்துக்கு மேற்பட்டது' என்னும் பொருள்பட வேறொரு சொல்லையும் அவர் ஆக்கினார்.

மயர்ஸ் ஒரு கிறித்தவ போதகரின் மைந்தர். டார்வினுடைய நூல் 1859இல் வெளிவந்த பின்னர், படித்த ஆங்கிலேயர் பலருக்கு மரபுவழிச் சமய நம்பிக்கை தளர்ந்தது. மயர்ஸும் அவ்வாறு தளர்ந்தவரே. ஓரிரவு, விண்மீன்களின் ஒளியில், தம் ஆசிரியராகிய ஹென்றி சிஜ்விக்குடன் உலாவியபோது, மரபும் தத்துவமும் கைவிட்ட இடத்தில், கண்கூடாகக் காணத்தக்க நிகழ்ச்சிகளை ஆராய்வதாலாவது உயிரைப் பற்றிய உண்மை புலப்படுமோ என்று வினவியதாக அவரே எழுதிவைத்திருக்கின்றார். அவ்வினாவின் பயனாகத் தோன்றியதென்று கூறத்தக்கது, 1882இல் இலண்டனில் நிறுவப்பெற்ற உளநிகழ்ச்சி ஆராய்ச்சிச் சங்கம். சிஜ்விக் அதன் முதல் தலைவரானார். மயர்ஸ் 'ரெலிபதி' என்னும் சொல்லை முதன்முதலாக வழங்கியது அவ்வாண்டின் இறுதியில், அச்சங்கத்தின் வெளியீட்டிலேயாம்.

அதற்கு முன் இப்பொருளுக்குச் சொற்கள் இல்லாமலில்லை. அக்காலத்து நாடகமேடைகளில் 'எண்ணம் வாசித்தல்' என்னும் வித்தை பெரும் பொழுதுபோக்காக இருந்தது. ஒருவர் ஒளித்துவைத்த குண்டூசியை, அவருடைய கையைப் பற்றிக்கொண்டு நடந்தே மற்றவர் கண்டுபிடித்துவிடுவார். பிஷப், கம்பர்லாந்து என்பார் இவ்வித்தையாற் பேர்பெற்றனர். கையைப் பற்றியிருப்பவர், ஒளித்தவருடைய தசைகளில் அவரையறியாமலே எழும் சிற்றசைவுகளை உணர்ந்து வழிகாண்கின்றார் என்பதை அறிஞர் கண்டுகொண்டனர்; வாசிக்கப்பட்டது எண்ணமன்று, தசையே. மற்றொருபுறம், டப்ளின் நகரத்துப் பௌதிகப் பேராசிரியராகிய உவில்லியம் பரெற் என்பார், 1876இல் கிளாஸ்கோவிற் கூடிய பிரித்தானிய விஞ்ஞான மகாநாட்டில் இத்தகைய நிகழ்ச்சிகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அவரும் அவரைச் சார்ந்தோரும் வழங்கிய பெயர் 'எண்ணப் பெயர்ச்சி' என்பது.

மேடைவித்தைப் பெயர் ஆராய்ச்சிக்கு ஆகாதென்பது வெளிப்படை. பேராசிரியர் வழங்கிய பெயர் ஏன் போதவில்லை? இதற்கு விடை சங்கத்துக்கு வந்து குவிந்த கடிதங்களிற் கிடைக்கின்றது. அவற்றுள் ஒன்றை மட்டும் ஈண்டுக் காட்டுவோம். இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள கோனிஸ்ரன் ஏரிக்கரையில், ஆதர் செவேர்ன் என்னும் ஓவியர் தம் மனைவியாருடன் தங்கியிருந்தார். ஒருநாட் காலை, வாயில் யாரோ ஓங்கி அடித்தாற்போன்ற உணர்ச்சியுடன் அம்மையார் திடுக்கிட்டு விழித்தார். உதடு வெடித்து இரத்தம் வருவதாக எண்ணிக் கைக்குட்டையால் ஒற்றிப் பார்த்தார், இரத்தம் இல்லை. கனவென்று எண்ணி மீண்டும் படுத்துவிட்டார். கணவரோ அதிகாலையிலேயே படகோட்டச் சென்றிருந்தார். காலையுணவுக்குத் திரும்பிய அவர், மேசையில் அமர்ந்தபடி கைக்குட்டையால் உதட்டை அடிக்கடி ஒற்றிக்கொண்டிருந்தாராம். ஏரியிற் சடுதியாக வீசிய காற்றினாற் படகின் சுக்கான்பிடி சுழன்று அவர் வாயில் அடித்துவிட்டது. அம்மையார் விழித்ததும் ஏறத்தாழ அந்நேரமே.

இந்நிகழ்ச்சி உண்மையில் எவ்வாறு நடந்தது என்பது பின்னர் ஆராயற்பாலது. இங்கு நோக்கவேண்டியது ஒன்றுண்டு. இதில் எந்த எண்ணமும் ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குப் பெயர்ந்ததாகத் தெரியவில்லை. படகிலிருந்தவர் மனைவிக்குச் செய்தி அனுப்ப முயலவில்லை. அம்மையாரும் 'கணவருக்கு அடிபட்டது' என்று அறிந்தாரல்லர். அவர் பெற்றது ஒரு நோவு, அவ்வளவே. இதனை 'எண்ணப் பெயர்ச்சி' என்பது எங்ஙனம் பொருந்தும்?

இவ்விடத்திலேதான் கிரேக்கம் கற்றவருடைய நுண்மை புலப்படுகின்றது. அவர் எடுத்துக்கொண்ட கிரேக்கக் கூறுகள் இரண்டு. 'தேலே' என்பது தொலைவில் என்னும் பொருளது. 'பாதொஸ்' என்பது, நேர்தல், உறுதல், துன்புறுதல் எனப் பொருள்படும் 'பாஸ்கெயின்' என்னும் வினையோடு உறவுடையது; ஒருவர் செய்வதை அது குறிப்பதில்லை, ஒருவருக்கு வந்து உறுவதையே குறிக்கும். உடன் உறுதலாகிய அனுதாபத்தைக் குறிக்கும் 'சிம்பதி', உறாமையாகிய அசட்டையைக் குறிக்கும் 'அபதி', எதிருறுதலாகிய வெறுப்பைக் குறிக்கும் 'அன்ரிபதி' என்பனவெல்லாம் அதன் இனத்தனவே. தமிழ் மாணவர்க்கு இதனை விளக்குதல் மிக எளிது. ஆசைப்படு, கவலைப்படு, வெட்கப்படு, வேதனைப்படு என்று சொல்கின்றோமே, அவற்றிலுள்ள 'படு' என்னும் சொல் பெரும்பாலும் அதே வேலையைச் செய்கின்றது. 'படாத பாடு பட்டேன்' என்னும் வழக்கிலுள்ள 'பாடு' கிரேக்கரின் 'பாதொஸ்' என்பதற்கு மிக அணுக்கமான பொருளுடையது. ஆகவே ரெலிபதி என்பதன் சொற்பொருள் 'தொலைவிலிருந்து படுதல்' என்பதாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறாது அப்பாற் செல்லல் ஆகாது. தேலே, தொலை என்பனவும் பாதொஸ், பாடு என்பனவும் ஒலியாலும் ஒத்திருத்தலைக் கண்டு, கிரேக்கர் நம்மிடமிருந்து இவற்றைப் பெற்றனர் என்று மேடையில் முழங்குவார் உளர், கைதட்டலும் பெறுவர். கிரேக்கத்தின் கிளைமொழியாகிய ஈயோலியத்தில், தொலைவைக் குறிக்கும் இச்சொல் தகரத்தில் தொடங்காது பகரத்தில் தொடங்குகின்றது. இரண்டும் ககரச் சார்புடைய தொன்மையான ஒலியொன்றின் திரிபுகள் என்பது மொழிநூலார் முடிபு. நம் 'தொலை'க்கு அத்தகைய வரலாறு கிடையாது. ஒலியொப்பு ஒன்றே உறவுக்குச் சான்றாகாது. தொலைவில் நடந்ததும் இங்கு உணர்ந்ததும் ஒத்திருப்பதுகொண்டு உறவு கற்பிக்கும் பழக்கத்தைப் பற்றியே பேசப்போகின்றோமாதலின், இவ்வெடுத்துக்காட்டு நமக்குப் பின்னரும் பயன்படும்.

மயர்ஸ் இச்சொல்லுக்குக் கூறிய வரையறையும் கவனித்தற்குரியது. புலன்களின் வழக்கமான தொழிற்பாடு இன்றித் தொலைவிலிருந்து பெறப்படும் மனப்பதிவுகள் எல்லாவற்றையும் அடக்குவதற்காகவே முதலில் இச்சொல்லை ஆக்கினார். பிற்காலத்தில் அதனை ஒரு மனத்திலிருந்து மற்றொரு மனத்துக்கு என வரையறுத்துக்கொண்டார். இரண்டிடத்தும் புலன்வழிகளைக் குறிப்பிடும்போது 'அறியப்பட்ட' என்னும் அடைமொழியை அவர் விடாது சேர்க்கின்றார். அறியப்பட்ட புலன்களால் அன்று என்றாரேயன்றிப் புலன்களாலேயே அன்று எனக் கூறினாரில்லை. நாளை வேறொரு புலன் கண்டுபிடிக்கப்படலாம் என்பதற்கு இடம் வைத்தார். எது செல்கின்றது, எவ்வழிச் செல்கின்றது, யார் அனுப்புகின்றார் என்பவற்றுள் எதனையும் அச்சொல் கூறவில்லை. விளக்கத்தை அதில் அடைத்துவைக்கக் கூடாது என்பதே அவர் கருத்து. இச்சொல்லுடன் இரட்டைப்பிள்ளையாக, தொலைவிலுள்ள பொருளை நேரே உணர்தலைக் குறிக்க அவர் ஆக்கிய 'ரெலஸ்தீசியா' என்பது பெரும்பாலும் வழக்கொழிந்தது. ஒன்று வாழ மற்றொன்று மடிந்ததற்கு உச்சரிப்பின் இடர்ப்பாடு ஒரு காரணமாதல் கூடும்.

படைத்தவர் இத்துணை எச்சரிக்கையாயிருந்தும் சொல் அவர் கைவிட்டுப் போயிற்று. அதற்குக் காரணம் அது சேர்ந்த கூட்டம். 1790களிற் பிரான்சு தேசத்திற் 'ரெலிகிராப்' என்னும் சொல் எழுந்தது. 1844இல் மோர்ஸ் என்பாரின் மின்தந்தி அமெரிக்காவிற் பேசத் தொடங்கிற்று. 1866இல் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியில் நிலையான தந்திக்கம்பி இடப்பட்டது. 1876இற் கிரகாம் பெல் ரெலிபோனைத் தந்தார். இவற்றின் நடுவே 'ரெலிபதி' என்று ஒரு சொல் வந்தால், கேட்போர் அதனை எவ்வாறு விளங்கிக்கொள்வர்? மனத்துக்கு மனம் அடிக்கும் தந்தி என்றே விளங்கிக்கொண்டனர். நகைச்சுவை எழுத்தாளர் மார்க் ருவெயின் 1891இல் 'மனத்தந்தி' என்னும் தலைப்பிலேயே கட்டுரை எழுதினார். கம்பியில்லாத் தந்தி வந்ததும் உவமையும் மாறிற்று. 1898இல் உவில்லியம் குறூக்ஸ் போன்ற பெரிய விஞ்ஞானியே, மூளையிலிருந்து அலைகள் பரவுதல் கூடுமோ என்று விஞ்ஞான மகாநாட்டுத் தலைமையுரையிற் கேட்டார். வானொலி பரவிய பின், 1930இல், அப்ரன் சிங்கிளேயர் என்னும் நாவலாசிரியர் தம் மனைவியாரோடு செய்த சோதனைகளை 'மனவானொலி' என்னும் பெயரால் நூலாக்கினார். அலை விரிந்து செல்லுந்தோறும் வலி குன்றும் என்பது பௌதிகம் கற்கும் மாணவரும் அறிந்தது. ரெலிபதியை நம்புவோரோ தொலைவு ஒரு பொருட்டன்று என்கின்றனர். அங்ஙனமாயின் உவமை அங்கேயே முறிந்துவிடுகின்றது. ஆயினும் மக்கள் மனத்தினின்றும் அது நீங்கவில்லை.

இனிச் சான்றுகளுக்கு வருவோம். 1886இல் மயர்ஸ், எட்மண்ட் கேணி, பிராங்க் பொட்மோர் என்னும் மூவரும், உயிரோடிருப்பவருடைய உருவத்தோற்றங்கள் பற்றி இரு பெருந்தொகுதிகள் வெளியிட்டனர். அவற்றுள் இலக்கமிட்ட நிகழ்ச்சிகள் மட்டும் 702. பின்னர்ச் சங்கத்தார் 17,000 பேரிடம் வினாவி, 1894இல் ஓர் அறிக்கை தந்தனர். ஒருவர் குறித்த ஒரு நாளில் இறப்பதற்குள்ள வாய்ப்பு அக்காலத்து இங்கிலாந்தின் இறப்புவீதப்படி 19,000இல் ஒன்று. அறிமுகமானவருடைய மாயத்தோற்றத்தைக் கண்டோரின் கூற்றுகளை ஆராய்ந்தபோதோ, 43இல் ஒன்று அத்தோற்றத்துக்குரியவர் இறந்த வேளைக்கு முன்பின் பன்னிரண்டு மணி நேரத்துள் அடங்கிற்று என்று அவர்கள் கணக்கிட்டனர். எண்கள் மலைக்க வைக்கின்றன. ஆயினும் அவை நினைவை அடிப்படையாகக் கொண்டவை. மாயத்தோற்றம் கண்டும் ஒன்றும் நிகழாதவர் அதனை மறந்துவிடுவர், நிகழ்ந்தவர் மறவார். ஆராய்ந்தோரும் இதனை அறிந்து தம் கணக்கிற் கழிவு கொடுத்தனர். கொடுத்த கழிவு போதுமா என்பதே வாதம்.

இக்கணக்கை எம்மூரில் யார்க்கும் விளக்கவேண்டியதில்லை. கடல்கடந்து பிள்ளை சென்றிராத வீட்டை இன்று தேடித்தான் காணவேண்டும். நடுச்சாமத்தில் விழித்து, மகனுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று பதைத்த தாயார் ஒருவரை நான் அறிவேன். விடியுமுன் ரெலிபோன் மணி ஒலித்தது. செய்தியும் அவ்வாறே இருந்தது. அவ்வம்மையாரிடம் சென்று வாய்ப்புக் கணிதம் பேச எவருக்கு மனம் வரும்? எனக்கு வரவில்லை. ஆயினும், அதே தாயார் அவ்வாண்டில் எத்தனை இரவுகள் அங்ஙனமே விழித்துப் பதைத்தார் என்பதும், அவ்விரவுகளில் மணி ஒலிக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவர் அவற்றை மறந்துவிட்டார். மறந்தது பொய்யாமையால் அன்று. ஒன்றும் நடவாத இரவுகளை நினைவில் வைத்திருப்பார் யார்?

கடிதங்களும் நினைவுகளும் போதா எனக் கண்டு பரிசோதனைக்கு இறங்கியோர் அடைந்த அனுபவம் இதனினும் கசப்பானது. சங்கத்தார் முதலில் நம்பிய கிரீரி சகோதரியர் ஒருவருக்கொருவர் சைகை காட்டியமை பின்னர் வெளிப்பட்டது. கேணியே அதனை 1888இல் வெளியிட்டார். தம் சான்றைத் தாமே உடைத்த அந்நேர்மையை ஈண்டுப் பாராட்டாதிருத்தல் முறையன்று. அவர்கள் பெரிதும் மதித்த சிமித், பிளாக்பேண் என்னும் இருவருள், பிளாக்பேண் தாங்கள் செய்தது தந்திரமே என்று பல ஆண்டுகளின் பின் ஒப்புக்கொண்டார். சிமித் அதனை மறுத்தார். 1934இல் அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையைச் சார்ந்த ஜே. பி. றைன் நூல் வெளியிட்டார். வட்டம், சிலுவை, அலைக்கோடு, சதுரம், நட்சத்திரம் என்னும் ஐந்து குறிகளையுடைய 25 சீட்டுகளைக் கொண்டு சோதித்து, தற்செயலாய்ச் சரியாகக் கூடிய 5இனும் மிகுதியாகச் சிலர் கூறினர் என்றார். சீட்டின் குறி பின்புறத்தே தெரிந்தது முதலிய குறைகள் காட்டப்பட்டன. இலண்டனிற் கணித ஆசிரியராகிய சோல் என்பார் செய்த சோதனைகளே அசைக்க முடியாதவை என்று நெடுங்காலம் எண்ணப்பட்டன. 1978இல் பெற்றி மார்க்விக் என்னும் அம்மையார், அவ்வெண்வரிசைகளிற் கைவைக்கப்பட்டிருப்பதை நிறுவினார். அதன் பின்னும் ஆராய்ச்சிகள் நடந்தன, நடக்கின்றன. வேண்டும்போதெல்லாம் எவரும் செய்து காணத்தக்க ஒரு சோதனையை இன்றளவும் எவரும் தந்திலர். விஞ்ஞானிகளுட் பெரும்பாலோர் இதனை நிலைநாட்டப்பட்டதாகக் கொள்வதில்லை.

நம் நாட்டு நூல்களில் இது முன்பே உண்டு என்பார்க்கு ஒரு சொல். பதஞ்சலியாரின் யோகசூத்திரம், மூன்றாம் பாதத்தில், பிறர் மனத்தை அறியும் ஆற்றலைப் பரசித்த ஞானம் எனக் குறிப்பது உண்மை. அதனை எடுத்துக்காட்டுவோர் அதன் அருகில் உள்ள வரம்பை எடுத்துக்காட்டுவதில்லை. யோகியால் அறியப்படுவது பிறர் மனத்தின் நிலையேயன்றி, அம்மனம் பற்றிநிற்கும் பொருளன்று என்று அங்கு வரையறுக்கப்படுகின்றது. உரைகாரர் வியாசர் இதனை விளக்குமிடத்து, மனம் ஆசைவயப்பட்டது என்பது தெரியும், எதன்மேல் ஆசை என்பது தெரியாது என்கின்றார். கோனிஸ்ரன் ஏரிக்கரையில் அம்மையார்க்கு நோவு தெரிந்தது, படகு தெரியவில்லை என்பதை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. இவ்வொப்புமை எதனையும் நிரூபிப்பதன்று. எண்ணம் வேறு, பாடு வேறு என்பதைக் கேம்பிரிட்ஜ் அறிஞருக்குப் பன்னூற்றாண்டு முன்னரே நம்மவர் பிரித்தறிந்திருந்தனர் என்பதை மட்டும் காட்டுகின்றது.

ஆதலின் இச்சொல்லைத் தமிழாக்குவோரும் அப்பிரிவைக் காத்தல் வேண்டும். 'எண்ணப் பரிமாற்றம்' என்பது மயர்ஸ் வேண்டாமென்று ஒதுக்கிய பழம்பெயரையே மீட்டுக் கொணர்வதாகும். பரிமாற்றம் என்றதும் கொடுப்பவரும் கொள்பவரும் வந்துவிடுகின்றனர். 'தொலையுணர்வு' என்பது சாலச் சிறந்தது. உணர்வு என்பதில் அறிவும் நோவும் ஒருங்கே அடங்கும். அனுப்புவாரையும் அது கற்பிக்கவில்லை.

இறுதியாக, ஒரு வரலாறு. 1890களிற் செருமனியிற் படைப்பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் குதிரையினின்றும் விழுந்து, பீரங்கி வண்டியின் சில்லில் அகப்படாது மயிரிழையிற் தப்பினார். அன்று மாலையே தந்தையாரிடமிருந்து, நலமா எனக் கேட்டுத் தந்தி வந்தது. தம்பியோடு மிக்க நேசமுடைய தமக்கையார் அவருக்குத் தீங்கு நேர்ந்ததென வற்புறுத்தியதனால் அனுப்பப்பட்ட தந்தி அது. அவ்விளைஞர் ஹான்ஸ் பேகர். மனத்தின் ஆற்றல் உடலில் எவ்வாறு இயங்குகின்றது என்று அறியும் வேட்கையால் மருத்துவம் பயின்று, 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலிற் பதிவுசெய்து, 1929இல் வெளியிட்டார். இன்று வலிப்பு நோயாளரைச் சோதிக்க வைத்தியசாலைகளில் வழங்கும் ஈ.ஈ.ஜி. அதுவே. அவர் தேடிய தொலையுணர்வோ அதிற் கிட்டவில்லை. அவ்வலைகள் மண்டையோட்டுக்கு அப்பாற் சிறிது தூரமும் சென்று எட்டத்தக்க வலியுடையனவல்ல.

2014இல், திருவனந்தபுரத்திலிருந்த ஒருவரின் தலையில் அக்கருவியைப் பொருத்தினர். கையை அசைப்பதாகவோ காலை அசைப்பதாகவோ அவர் எண்ண, அவ்வேறுபாடு கணினியால் இருவகைக் குறிகளாக்கப்பட்டு, இணையவழியே பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரத்தை அடைந்தது. அங்கு, கண் கட்டப்பட்டிருந்தவரின் மூளையைக் காந்தத் துடிப்பினால் தூண்ட, அவர் ஒளிப்பொறிகளைக் கண்டார். அவற்றைக் குறித்துக்கொள்ள, 'ஹோலா' என்னும் ஸ்பானிய முகமன் எழுத்தெழுத்தாக வந்து சேர்ந்தது. செய்தித்தாள்கள் இதனை 'ரெலிபதி' என்றன. அனுப்பியவர் இருந்தார், செய்தி இருந்தது, அலையும் கம்பியும் இருந்தன. மயர்ஸ் தம் சொல்லில் வேண்டுமென்றே இடாது விட்டவை யாவும் இருந்தன. ஸ்திராஸ்பூர்க்கில் இருந்தவருக்குத் திருவனந்தபுரத்தவரின் பாடு மட்டும் ஒன்றும் தெரிந்திலது.